சட்டையோடு வந்தது

பெஞ்சின் காலைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. ஸ்டூல்மேல் நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தார். இந்தமுறையும் பரண்மேல் இருந்த பெஞ்ச் வரவில்லை. அதற்குப் பின்னால் இருந்த சாக்கு வந்தது.

வந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. மக்கிப்போன அந்தச் சாக்கு பாதி வழியிலேயே வாயைப் பிளந்து, வயிற்றில் இருந்த பழைய பிரேக் லைனிங் துண்டுகளைத் தரையில் தடதடவென்று கொட்டியது. பிறகு, ஏதோ மறந்துபோய் நினைவு வந்ததுபோல, சாம்பல்நிறத் தூசியை நிதானமாக விட்டது. ஜன்னல் வழியாக விழுந்த காலை வெயிலில் அந்தத் தூசி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கூடம் முழுக்க அப்படியே நின்றது.

கூடத்தில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா இருந்தாள். மச்சினன் இருந்தான். தரையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் தட்டிக்கொண்டு பேத்தி இருந்தாள். ஸ்டூலின் உச்சியில், மாவு மில்லில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்போலத் தலைமுதல் மீசைவரை நரைத்து, பிரேக்காரர் இருந்தார்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு அவ ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தா," என்றார்.

தையல்காரம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இது சாவு வீடு என்பது நினைவுக்கு வர, அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். பிரேக்காரரின் மனைவி நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். மதியத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வருகிறவர்கள் உட்காரப் பெஞ்ச் வேண்டுமே என்றுதான் அவர் ஸ்டூல் ஏறினார். ஏறாமல் இருந்திருக்கலாம். தெருவில் பந்தல் போட்டு, நாற்காலிகளும் வாடகைக்கு வந்து இறங்கியாகிவிட்டது. ஆனால் கை சும்மா இருந்தால் மனம் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்க்கப் போய்விடும். அதனால் ஏறினார்.

சத்தம் கேட்டு மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்று தூசியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குழந்தையை அள்ளி, அதன் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டு, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரோரம் போய்த்தான் நின்றாள். கிண்ணம் தரையில் உருண்டு சுற்றிச் சுற்றி வந்து அடங்கியது.

"பிள்ளைக்கு ஒண்ணும் படலம்மா. தூரத்துலதான் விழுந்துச்சு," என்று இங்கிருந்து குரல் கொடுத்தார்.

மகள் குழந்தையைத் தையல்காரம்மா வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஈரத்துண்டை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க."

"நீ போம்மா, இன்னிக்குப் போய் உனக்கு எதுக்கு இந்த வேலை. நான் ஒரே நிமிஷத்துல பெருக்கித் தள்ளிடறேன்," என்று தையல்காரம்மா மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

"பெருக்காதீங்க அத்தை."

"இல்லம்மா, சும்மா ரெண்டு…"

"துடைப்பத்தக் கீழ வைங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் தையல்காரம்மா, கையில் இருப்பது துடைப்பம்தானா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். மச்சினன் ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தான். வெளியே போகச் சொன்னால் மறுபேச்சுப் பேசாத ஆள் அவன். இந்த வீட்டில் அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மகள் சிதறிக் கிடந்த லைனிங் துண்டுகளைப் பார்த்தாள். வளைந்த, கரிய, ஆணி ஓட்டைகள் விழுந்த துண்டுகள்.

"இது இன்னும் இங்கதான் இருக்கா? போட்டுட்டேன்னு அம்மாகிட்ட சொன்னீங்களே."

"போட்டேன். பரண்ல போட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்திருக்கும். ஊர் வண்டிக்கெல்லாம் பிரேக் போடுற மனுஷனுக்கு வாய்க்கு ஒண்ணு போடத் தெரியல பாரு என்று அடுப்படியிலிருந்து வரும். அந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

"கீழ இறங்குங்க. மெதுவா. சட்டையக் கழட்டுங்க."

"இங்கயா? ஆளுங்க நிக்கறாங்கம்மா."

"கழட்டுங்கப்பா. உதறாம கழட்டுங்க."

அவர் பட்டனைக் கழற்றினார். அவள் அந்தச் சட்டையை இரண்டு விரலால் வாங்கி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஒரு முடிச்சுக்குமேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். குழந்தையின் கவுனும் பிறகு அதே மாதிரி இன்னொரு பைக்குள் போயிற்று. மனைவி இறந்த மறுநாள் காலை, ஓட்டை விழுந்த பனியனோடு, மகள் தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட, தெரு முழுக்கப் பார்க்கும்படி பிரேக்காரர் வாசலில் நின்றார். மச்சினன்தான் தன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தான். போட்டதும் குப்பென்று சிகரெட் வாடை அடித்தது.

உள்ளே மகள் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, தூசியைச் சேறாக்கி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல முறையாகச் செய்தாள். அதுதான் அவரை உறுத்தியது. பதறிப்போய்ச் செய்கிற வேலைக்கு இத்தனை வரிசை இருக்காது.

அவருக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. இளமையிலிருந்து அதோடுதான் வாழ்க்கை. லாரி, பஸ்களின் பிரேக் ஷூக்கள் கடைக்கு வரும். அவற்றின்மேல் தேய்ந்துபோயிருக்கும் லைனிங் பட்டையைத் தட்டிப் பெயர்த்து, புது லைனிங்கை ரிவெட் அடித்து, சக்கரத்து டிரம்மின் வளைவுக்குத் தக்கபடி மெஷினில் தேய்த்துக் கொடுக்க வேண்டும். டிரம்முக்குள் அடைந்திருக்கிற தூசியைக் காற்றுக்குழாயை வைத்து ஊதித் தள்ளுவார்கள். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் எல்லோரும் வரிசையாக நின்று, அதே குழாயால் ஒருவர்மேல் ஒருவர் காற்றடித்துக்கொள்வார்கள். அக்குளில் அடித்தால் கூசும். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். அதைக் காற்றுக் குளியல் என்பார்கள். அப்படியும் போகாத தூசியோடு அவர் வீட்டுக்கு வருவார்.

வந்ததும் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் சட்டையைக் கழற்றுவார். மனைவி அதைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய் உதறுவாள். சவுக்கைச் சொடுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்கும். பிறகு சுவரில் நாலு அடி. மேற்கே இறங்குகிற வெயிலில் அந்தத் தூசி பொன்னாக மின்னும். படியில் உட்கார்ந்திருக்கும் மகள் இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடிக்கப் பார்ப்பாள்.

தூசியில் உயர்ந்த ரகமும் உண்டு. தேய்க்கிற மெஷினுக்கு அடியில் சேர்வது அது. முகத்துக்குப் போடும் பவுடர் அதனிடம் தோற்றுப்போகும். சிமெண்டில் கலந்து ஒழுகுகிற இடத்தில் பூசினால் பாறையாக நிற்கும். அதைத்தான் பழைய துண்டுகளோடு சேர்த்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வயது வந்தபோது, அதில் ஒரு டப்பா கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டில் பரப்பி, அவள் ஆட்காட்டி விரலைப் பிடித்து எழுத வைத்தார். எந்தச் சிலேட்டும் அந்த அழகுக்குக் கிட்ட வர முடியாது. எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். தப்பாகப் போனால் அவள் குனிந்து ஊதுவாள். எழுத்து போய்விடும். மறுபடி எழுதுவாள். எதிர்வீட்டுக்கும் வேண்டுமா என்றுகூட அப்போது கேட்டார். தையல்காரம்மா, துணியெல்லாம் அழுக்காகிவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆனால் புகை விஷயத்தில் அவர் எமன். பீடி, சிகரெட், பொடி, எதையும் கையால் தொட்டதில்லை. மகள் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது மச்சினன் அக்கா பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் வாயில் சிகரெட்டோடு உள்ளே வந்துவிட்டான். பிரேக்காரர் அவன் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினார். "பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ளயா புகையக் கொண்டாருவ? அந்த நுரையீரல் என்ன சைஸ் இருக்கும் தெரியுமாடா? இத்துணூண்டு," என்று கட்டைவிரல் நுனியைக் காட்டினார். ரேடியோவில் ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டிருந்தார். அன்றிலிருந்து மச்சினனுக்கு அந்தக் கம்பத்தடிதான். மழை பெய்தாலும் அங்கேதான் போய்ப் பிடிப்பான்.

மதியம் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. நாலு பேர் இறக்கினார்கள். கூடத்துக்குள் கொண்டுபோகத் திரும்பியபோது மகள் வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள வேணாம். இங்கயே, பந்தல்ல வைங்க."

தூக்கிக்கொண்டு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாரம் கையில் இருக்கும்போது நியாயம் பேச முடியாது. பந்தலிலேயே வைத்தார்கள்.

"வாழ்ந்த வீட்டுக்குள்ள ஒரு நாழிகை படுக்கவைக்கக் கூடாதா? பெத்த பொண்ணே இப்படிச் செஞ்சா…" என்று தையல்காரம்மா பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுத்தாள். பக்கத்து நாற்காலி அதை அடுத்த நாற்காலிக்குக் கொடுத்தது.

பிரேக்காரர் மகளைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, தரைதான் தொடச்சாச்சே. ஒரு அஞ்சு நிமிஷமாவது…"

"தரை காயட்டும்பா. காஞ்சதும் இன்னொரு தடவ தொடைக்கணும். வர்றவங்க குழந்தைகள் எல்லாம் கூட்டிட்டு வர்றாங்க."

"தூசிதானேம்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துணிக்குமேல் தெரிந்த கண்கள் அம்மா படுத்திருக்கும் பக்கம் போய்த் திரும்பின.

"அப்புறம் சொல்றேன்."

இந்த 'அப்புறம்' அவருக்குப் பழகிய சொல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைத்தான் கொடுத்தார்கள். மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, படி ஏறினால் வாங்குகிறது, வயசு என்றார்கள். பிறகு நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது. முதுகில் ஊசி குத்தி எடுத்தார்கள். எடுக்க எடுக்கக் கோத்துக்கொண்டது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், முளைக்கலாமா வேண்டாமா என்று மீசை யோசித்துக்கொண்டிருக்கிற வயது, எதிரில் உட்கார்த்தி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"எங்க வீட்ல அடுப்பே புகையாது டாக்டர்," என்றார் பிரேக்காரர் பெருமையாக.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"வேலைக்குப் போட்டுட்டுப் போற துணிய வீட்ல யார் துவைப்பாங்க?"

"எங்க வீட்டு வாஷிங் மெஷின் பக்கத்துலயே உக்காந்திருக்கு. கரண்டே வேணாம். சத்தம்தான் கொஞ்சம் அதிகம்."

மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், முகம் நீலம்பாரித்துப் போயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. அவளைப் படுக்கவைத்துவிட்டு, "நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க ஐயா," என்று அவரை அனுப்பினார். மகளை மட்டும் இருக்கச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வகுப்பிலிருந்து துரத்தப்பட்ட மாணவனைப்போல அவர் நின்றார். உள்ளே டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டுவது தெரிந்தது. மகள் அந்தப் படத்தைப் பார்க்காமல், திரும்பி, கதவுக்கு வெளியே அவரைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு யாரிடம் கேட்டாலும் நேரான பதில் வரவில்லை. டாக்டர், பல காரணம் இருக்கலாம் என்றார். நர்ஸ், டாக்டரைக் கேளுங்க என்றாள். மகள், அப்புறம் என்றாள். மருமகனோ வெளிநாட்டு வேலையில் இருந்தான். போனில், மாமி நல்லாயிடுவாங்க மாமா என்பதற்குமேல் அவனுக்கு வசனம் கொடுக்கப்படவில்லை. மனைவியிடம் கேட்டபோது அவள், "எல்லாருக்கும் ஒண்ணு வரத்தானே செய்யுது," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியாக நினைவோடு இருந்த அன்று, அவர் கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைச் சேகரித்துக்கொண்டு, "இனிமே உங்க சட்டைய நீங்களே நனச்சு வைங்க. உதறாதீங்க. தண்ணியில போட்டுட்டு அப்புறம் தொவைங்க," என்றாள். சாகப்போகிறவள் துணி துவைக்கச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரிப்பைத்தான் காட்டினார்.

வெயில் சாய ஆரம்பித்தது. பந்தலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிரேக்காரர் மெதுவாக எழுந்து தெருமுனைக்கு நடந்தார். கம்பத்தடியில் மச்சினன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் சிகரெட் இருந்தது. பற்றவைக்கவில்லை.

"என்னடா, தீப்பெட்டி இல்லையா?"

"பிடிக்கத் தோணல மாமா." மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒண்ணு கேக்கணும். அக்காவுக்கு என்னாலதான் வந்துச்சா?"

"எவன் சொன்னான்?"

"தையக்காரம்மா சொல்லுது. பக்கத்துல இருந்து புகை பிடிச்சாலே போதுமாம், பிடிக்கிறவனவிடப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் கேடாம். கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அக்காவும் ஒரே ரூம்ல இருந்தோமே. போர்வைக்குள்ள பிடிப்பேன் மாமா, அப்பாவுக்குத் தெரியாம. அக்கா காட்டிக்கொடுக்காது. விசிறிவிடும்."

பிரேக்காரருக்குள் ஏதோ ஒன்று சட்டென்று லேசாயிற்று. இத்தனை நாள் தேடிய பதில், அதுவும் எவ்வளவு வசதியான பதில், தானாக வந்து காலடியில் உட்கார்ந்திருந்தது. ஆமாடா என்று ஒரு வார்த்தை போதும். இவன் சுமந்துகொண்டு போய்விடுவான். சுமக்கத் தயாராகத்தான் இருக்கிறான். அந்த லேசு, ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று நினைத்த மாத்திரத்தில், அந்த ஆமாவை விழுங்கிக்கொண்டார்.

"போடா. நீ பிடிச்ச சிகரெட்டுக்கு முதல்ல நீ போயிருக்கணும்," என்றார்.

"அப்ப எதனால மாமா?"

மேலே மின்கம்பியில் ஒரு கிழிந்த பை மாட்டிக்கொண்டு காற்றில் படபடத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா ஒண்ணு பாக்கறேன்," என்றான் மச்சினன். "நீங்க கடையிலேருந்து வந்தா, குளிக்கிற வரைக்கும் பாப்பாவ உங்ககிட்ட விடறதில்ல உங்க பொண்ணு. ரூம்ல வெச்சுக் கதவச் சாத்திடுது. ஏதாவது கோவமா உங்க மேல?"

அவரும் அதைப் பார்த்திருந்தார். மகளுக்கு வரவரச் சுத்தம் அதிகமாகிவிட்டது என்று சொல்லிச் சிரிக்கவும் செய்திருந்தார். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று தாத்தா தாத்தா என்று தட்டும். அவர் இந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குத் தட்டுவார். அது ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

நின்றுபோன பேனா. யார் துவைப்பாங்க. உதறாதீங்க. துடைப்பத்தக் கீழ வைங்க. ஒவ்வொன்றாக வந்து, ரிவெட் ஓட்டையில் ரிவெட் விழுவதுபோலச் சரியாக உட்கார்ந்தது. இன்னும் சுத்தியல்தான் அடிக்கவில்லை.

"நீ அக்கா பக்கத்துல போய் உக்காரு," என்று மச்சினனின் தோளைத் தொட்டார். "உன்னால இல்ல. சத்தியமா உன்னால இல்ல. கண்டதையும் மனசுல போட்டுக்காத."

வீட்டுக்குள் போகாமல் பக்கச் சந்து வழியாகப் பின்புறம் போனார். மகள் குழாயடியில் குந்தி, மூன்றாம் முறை துடைத்த துணிகளை வாளியில் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இப்போது கலங்கல் இல்லை. இருந்தாலும் அலசினாள். முகத்துத் துணியை இறக்கிக் கழுத்தில் விட்டிருந்தாள். கட்டிய இடம் கன்னத்தில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. சின்ன வயதில் தூங்கி எழுந்தால் தலையணை மடிப்பு அவள் கன்னத்தில் இப்படித்தான் பதிந்திருக்கும்.

"வண்டி வர்ற நேரம். கொஞ்சம் உக்காரேம்மா."

"இதோ ஆச்சு."

அவர் துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். அப்புறம்னு சொல்லாத. இதுக்கப்புறம் அப்புறம் இல்ல. உங்கம்மாவத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

மகள் துணியைப் பிழிந்தாள். கடைசிச் சொட்டு வரும்வரை பிழிந்தாள்.

"அவ செத்தது என்னாலயா?"

"உங்க சட்டையாலப்பா."

"சட்டைக்குள்ள நான்தானே இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

"ஆமா," என்றாள். பிறகு, இத்தனை நாள் உள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்திருந்ததுபோலத் தடுமாறாமல் சொன்னாள். "லைனிங்ல கல்நார் கலந்திருக்கும்பா. ஆஸ்பெஸ்டாஸ். அதோட நாரு கண்ணுக்கே தெரியாது. மூச்சுல உள்ள போய் நுரையீரலச் சுத்தி இருக்கிற சவ்வுல குத்திட்டு உக்காந்துக்கும். கரையாது, வெளிய வராது. வருஷக்கணக்கா சும்மா இருக்கும். ஒருநாள் நோயாகும். ஊசி வெச்சு எடுத்துப் பாத்துதான் சொன்னாங்க."

"அவ கடைப் பக்கமே வந்ததில்லையேம்மா."

"அவங்க வரல. அது வந்துச்சு. உங்களோட, தெனமும்."

"எனக்கு ஒண்ணும் செய்யலையே. அதுலயே உருண்டவன் நான். கல்லு மாதிரி இருக்கேனே."

"சில பேருக்கு அப்படித்தானாம். உங்களையும் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பாக்கலாம்."

குழாயிலிருந்து தண்ணீர் மெல்லிய நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாஷர் போய்விட்டது. போன மாதமே மாற்றியிருக்க வேண்டும்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அந்த மனுஷன் பேசறத நிறுத்திட்டா வீடு என்னத்துக்காகும்னு சொன்னாங்க." அவள் குரல் அங்கே கொஞ்சம் பிசகியது. சரிசெய்துகொண்டாள். "நான் இருக்கிற வரைக்குமாவது சொல்லாதன்னாங்க. அதான்."

பிரேக்காரர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். ரேகைகளுக்குள் கறுப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் மசியாத கைகள். கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். பந்தலில் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள். அவரும் ஏதாவது சொல்வார்.

"உனக்கு?"

மகள் எழுந்து குழாயை இறுக்கி மூடினாள். நூல் நிற்கவில்லை.

"இருக்கு," என்றாள். "படம் எடுத்துப் பாத்தேன். வலது பக்கம் சவ்வு தடிச்சிருக்கு. இப்ப ஒண்ணும் செய்யல. அது அப்படியே இருந்தாலும் இருக்கும், இல்ல வேற மாதிரி ஆகும். வருஷா வருஷம் பாக்கணும்."

"அந்தத் தட்டு…"

"சட்டையோ, தட்டோ. இப்ப பிரிச்சு எப்படிப்பா சொல்ல முடியும்."

எந்த இக்கட்டிலும் அவருக்கு ஒரு பேச்சு வந்துவிடும். அப்பா இறந்தபோது வந்தது, கடையில் விரல் நசுங்கியபோது வந்தது, நேற்று ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போதுகூட வந்தது. இப்போது அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மகள் பக்கத்தில் வந்து அதே கல்லில் உட்கார்ந்தாள். ஈரக் கையைத் தன் புடவையில் துடைத்துவிட்டு, அவர் முழங்கால்மேல் வைத்தாள்.

"எழுத்து நல்லா வந்துச்சுப்பா எனக்கு," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்ட ஆரம்பித்ததை நிறுத்த முடியாமல் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தார்.

"இப்ப வர்ற சரக்கு வேறம்மா," என்றார் கடைசியில். "அதுல அது இல்லன்னு அட்டையிலயே போட்டிருக்கான்."

"புதுசுல இல்லாம இருக்கலாம். பழைய லாரி வந்தா பழைய லைனிங்கத்தானே தட்டறீங்க."

ஆமாம், பழையதைத்தான் தட்டுகிறார். போன வாரம்கூடத் தட்டினார். அந்தச் சட்டையோடுதான் வந்தார். இரண்டு மாதத்துக்கு முன்பு கதவு சாத்தப்படும்வரை, ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள இன்னொருத்தி இந்த வீட்டில் இருந்தாள். பிறந்ததிலிருந்து இருந்தாள். தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் சட்டையைக் கழற்றினார்.

"பாப்பாவுக்கு?"

இதற்கு மகள் வேறெங்கும் பார்க்கவில்லை. அவர் கண்ணையே பார்த்தாள்.

"தெரியாதுப்பா. யாராலயும் சொல்ல முடியாது. எனக்கே இப்பதான தெரிஞ்சுது. அவ வளரணும். வளந்து என் வயசு வரணும். அப்பதான் தெரியும்."

சந்தில் காலடிச் சத்தம் கேட்டது. பேத்தி, எதிர்வீட்டுப் பெண்ணின் தொளதொளத்த சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு, தெருமுனையிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடிவந்து இருவருக்கும் முன்னால் நின்றாள். வண்டி வந்துவிட்டது என்று சொல்ல வந்தவள். கையை வாசல் பக்கம் நீட்டினாள். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. மூச்சு வாங்கியது. சின்ன நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது.

முன்பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்பாவும் மகளும் எழுந்திருக்கவில்லை. கல்லில் உட்கார்ந்தபடி, அந்த மூச்சு அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.